உதடு மேலே இருக்கும் பூ

கொடைக்கானலில் கிளம்பும் பேருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று ஊர் ஊராக நின்று கிளாவரைக்கு வந்து சேர்கிறது. அதோடு அதன் பாதை முடிகிறது. ஊரைச் சுற்றிலும் படிப்படியாக வெட்டிய வயல்கள். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். கடைசிப் படிக்கு மேலே சீகைமரக் காடு. அதற்கும் மேலே, மரம் இன்னும் பிடிக்காத முகட்டில், கொஞ்சம் புல்வெளி மிச்சமிருக்கிறது.

மழை ஓய்ந்து மறுபடி பிடிக்கும் இடைவெளியில், புரட்டாசிக்கும் ஐப்பசிக்கும் நடுவே, அந்தப் புல்லுக்குள் ஒரு சிறிய ஆர்க்கிட் பூக்கிறது. சாட்டிரியம் நேபாலென்ஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். அபூர்வச் செடி என்று சொல்ல முடியாது. இமயமலையிலிருந்து இலங்கையின் ஹார்ட்டன் சமவெளி வரை உயரமான புல்வெளிகளில் இருக்கிறது. இருந்தாலும் புல்லுக்குள் நிற்கும் ஒன்றைக் கண்டு, இது இதுதான் என்று உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காலைப்பொழுது தேவைப்படுகிறது. அந்தக் காலைப்பொழுதில் கற்றுக்கொண்டவற்றை எழுதிவைக்கிறேன்.

*

முதலில் பூவைத் தேடக் கூடாது. இடத்தைத் தேட வேண்டும்.

ஆர்க்கிட் என்றதும் நம் மனத்தில் வருவது கடையில் விற்கும் தொட்டிச் செடி, அல்லது சோலை மரத்தின் கிளையில் பாசியோடு ஒட்டியிருக்கும் தொற்றுச்செடி. பழனிமலையில் இரண்டாவது வகை நிறையவே உண்டு. சோலைக்குள் அண்ணாந்து பார்த்தால் சீலோஜைனி, பல்போபில்லம், ஒபரோனியா என்று கிளைக்குக் கிளை வேறு வேறாகத் தொங்கும். சாட்டிரியத்துக்கு மரம் வேண்டாம். தரையில், வெயிலில், புல்லோடு புல்லாக நிற்கும் கூட்டத்தைச் சேர்ந்தது அது.

அதனால் கண் தாழ வேண்டும். சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, தண்ணீர் தேங்குகிறதா வடிகிறதா, புல் அடர்த்தியா கலப்பா என்று பார்த்துக்கொண்டே நடப்பேன். காலடியில் மண் நசநசக்கும் இடத்தில் பூச்சிகளைப் பிடித்து உண்ணும் ட்ரோசீரா சிவப்பாகப் பரவியிருக்கும். கொஞ்சம் மேலே, மண் வடிந்து நிற்கும் இடத்தில் குறிஞ்சிப் புதர்கள். 2018-இல் பூத்தவை, இனி 2030-இல்தான். முகட்டை ஒட்டிக் காட்டுப்பூவரசு தனித்தனியாக நிற்கும். இவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகிய பிறகுதான் புல்லுக்குள் புல் அல்லாத ஒன்று கண்ணில் படத் தொடங்குகிறது. ஒன்று பட்டதும் பக்கத்திலேயே நாலைந்து தெரியும். அவை முதலிலிருந்தே அங்குதான் நின்றிருந்தன.

*

மண்டியிட்டு உட்கார்ந்தால் பூ கண்ணுக்கு நேராக வருகிறது.

தண்டு நிமிர்ந்து நிற்கிறது, ஒரு சாண் உயரம் இருக்கும். நல்ல மண்ணில் முழ உயரமும் வளரும். அடியில் இரண்டு மூன்று இலைகள், தடிப்பாக, வழவழப்பாக, அடிப்பகுதி தண்டைத் தழுவிக்கொண்டு. மேலே போகப் போக இலை சுருங்கி வெறும் உறையாகிவிடுகிறது. உச்சியில் இளஞ்சிவப்புப் பூக்கள் நெருக்கமாக அடுக்கிய கதிர். ஒவ்வொரு பூவுக்கும் கீழே ஒரு பூவடிச்செதில். மொட்டுப் பருவத்தில் நிமிர்ந்திருக்கும் அந்தச் செதில், பூ விரிந்ததும் கீழ்நோக்கி மடங்கிவிடுகிறது. அதனால் கீழ்ப்பாதி விரிந்து மேல்பாதி மொட்டாக இருக்கும் கதிரில் செதில்கள் பாதி தொங்கியும் பாதி நிமிர்ந்தும் இருக்கும். தூரத்திலிருந்தே சாட்டிரியத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணோடு சேர்த்துவைத்து, தலையைப் பூவிடம் கொண்டுபோகிறேன். பூவை லென்ஸிடம் இழுக்கக் கூடாது, இழுத்தால் தண்டு ஒடியும். இப்போது ஒரே ஒரு பூ கண் முழுவதும் நிறைகிறது. மேலே ஓர் இதழ் குவிந்து வளைந்து, முக்காடு போட்டது போல உள்ளிருப்பதை மூடியிருக்கிறது. அதன் விளிம்பு லேசாகப் பின்னால் மடிந்திருக்கிறது. கீழே மற்ற ஐந்து இதழ்களும் ஒடுங்கிக் கீழ்நோக்கி விரிந்திருக்கின்றன. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் முக்காட்டின் பின்பக்கத்திலிருந்து இரண்டு மெல்லிய குழல்கள் புறப்பட்டு, சூல்பையை ஒட்டியே கீழே இறங்குகின்றன. தேன் இருப்பது அந்தக் குழல்களில்.

குழல் இரண்டு. அதை எண்ணிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்தப் புல்வெளியின் மற்றத் தரை ஆர்க்கிட்களில், தேன்குழல் இருக்குமானால் ஒன்றுதான் இருக்கும்.

*

முக்காடாக இருப்பதுதான் உதடு. இந்தப் பூவைப் புரிந்துகொள்வதற்கான திறவு அது.

ஆர்க்கிட் பூவில் ஆறு இதழ்கள். அவற்றில் ஒன்று மட்டும் உருவத்திலும் நிறத்திலும் வேறுபட்டிருக்கும், அதைத்தான் உதடு என்கிறோம். பெரும்பாலான ஆர்க்கிட்களில் அது கீழே இருக்கும், பூச்சி வந்து இறங்குவதற்கு வாகாக. உண்மையில் மொட்டு உருவாகும்போது எல்லா ஆர்க்கிட்டுக்கும் உதடு மேலேதான் இருக்கிறது. விரியும் வேளையில் பெரும்பாலானவற்றில் காம்பும் சூல்பையும் 180 டிகிரி முறுக்கிக்கொண்டு உதட்டைக் கீழே கொண்டுவருகின்றன. ஆர்க்கிட் பூவின் பின்னால் சூல்பையைப் பார்த்தால் அந்த முறுக்கு வரி வரியாகத் தெரியும்.

சாட்டிரியம் முறுக்கிக்கொள்வதில்லை. அதன் சூல்பையின் வரிகள் நேராக ஓடுகின்றன. உதடு, பிறந்த இடத்திலேயே, மேலேயே நின்றுவிடுகிறது. பெரும்பாலான ஆர்க்கிட்களில் மகரந்தம் தூளாகப் பறக்காது. மகரந்தத் திரள் என்று சிறு கட்டிகளாகச் சேர்ந்திருக்கும், பூச்சியின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். சாட்டிரியத்தில் அந்தக் கட்டிகள் முக்காட்டின் நிழலுக்குள் இருக்கின்றன. தேனுக்காக வாயை நுழைக்கும் பூச்சி அவற்றைத் தொடாமல் திரும்ப முடியாது.

இதை நேரில் கண்ட பிறகு படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் பழக்கம் போய்விடுகிறது. நிறத்தை நம்பாதே, அமைப்பை நம்பு என்று பூவே கற்றுக்கொடுக்கிறது. தென்னிந்தியாவில் வெள்ளையாகப் பூக்கும் சாட்டிரியமும் உண்டு. ஒருகாலத்தில் அதைத் தனிச் சிற்றினமாக வைத்து, ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளரின் நினைவாக ஜான் லிண்ட்லி பெயரிட்டார். பிற்பாடு நேபாலென்ஸின் ஒரு வகையாகச் சேர்த்துவிட்டார்கள். இளஞ்சிவப்பானாலும் வெள்ளையானாலும் முக்காடும் இரட்டைக் குழலும் மாறுவதில்லை.

*

அதே சரிவில் நிற்கும் உறவினர்களையும் பார்த்துவிட வேண்டும். ஒன்றை அறிவதற்கு அதன் அருகில் இருப்பதையும் அறிய வேண்டியிருக்கிறது.

ஹேபனேரியா லாங்கிகார்னிகுலாட்டா வெள்ளையாக, பெரிதாக, ஒரு தண்டில் சில பூக்களே பூக்கும். அதன் தேன்குழல் ஒற்றை, விரல் நீளத்தையும் தாண்டித் தொங்கும். அவ்வளவு ஆழத்திலிருக்கும் தேனை எடுக்க நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிதான் வர வேண்டும். மடகாஸ்கர் ஆர்க்கிட் ஒன்றின் நீண்ட குழலைப் பார்த்துவிட்டு, இதற்கேற்ற அந்துப்பூச்சி எங்கோ இருந்தாக வேண்டும் என்று 1862-இல் டார்வின் எழுதினார். அந்தப் பூச்சிக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது 1903-இல், அவர் இறந்து 21 ஆண்டுகள் கழித்து.

ஹேபனேரியா ஹெய்னியானாவின் பூக்கள் எல்லாம் தண்டின் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். பெரிஸ்டைலஸ் பச்சையாக, மிகச் சிறியதாக, குழலும் குட்டையாக இருக்கும். ஈரமான இடத்தில் ஸ்பைராந்தஸ் தன் பூக்களைத் தண்டைச் சுற்றிச் சுருள் படிக்கட்டாக ஏற்றியிருக்கும். இவை எல்லாவற்றிலும் உதடு கீழே.

ஆக என் வரிசை இது. தரையா, மரமா? புல்லா, சோலையா? பூ எந்தப் பக்கம் பார்க்கிறது? உதடு மேலா, கீழா? குழல் எத்தனை, எவ்வளவு நீளம்? செதில் எப்படி நிற்கிறது? சூல்பை முறுக்கியிருக்கிறதா? இலை எங்கே தொடங்குகிறது? இத்தனையையும் குறிப்பேட்டில் எழுதிய பிறகு பெயரை எழுதுவேன். பெயரை முதலில் எழுதிவிட்டால் கண் அதற்குத் தோதானதை மட்டுமே பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

*

மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, எதையும் தொலைச்சிட்டீங்களா?"

"இல்லக்கா. இந்தப் பூவைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

அவரும் குனிந்தார். "இதா? புல்லறுக்க வர்றப்ப பாத்திருக்கேன். நாங்க சின்னப்புள்ளையா இருந்தப்ப அந்தா அந்தச் சரிவு பூராம் இருக்கும். இப்ப அங்கிட்டெல்லாம் சீகையாப் போச்சு. அடியில புல்லே இல்லையே, பூ எங்கிட்டு வரும்?"

சொல்லிவிட்டு மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் சொன்னதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். ஒரு செடி எங்கே இருந்தது என்ற நினைவு ஊர்க்காரர்களிடம்தான் இருக்கிறது. அவர்களிடம் கேட்காமல் எழுதும் குறிப்பு பாதிக் குறிப்பு.

*

இந்த மலையில் நமக்கு முன்னால் மண்டியிட்டவர்கள் பலர்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் 1836-இல் பழனிமலைக்கு வந்தார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத்தொகுப்பில் 2,101 படங்கள் இருக்கின்றன. அவருக்காக வரைந்தவர்களில் இருவர் ரங்கையாவும் கோவிந்துவும். பூவைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் பெரிதாக்கி, தேன்குழலின் வளைவு பிசகாமல் வரைந்த கைகள் அவர்களுடையவை. ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்கு வைட், கோவிந்துவின் பெயரால் கோவிந்தூயியா என்று பெயர் வைத்தார். இன்று அந்தப் பேரினம் ட்ரோபிடியாவுக்குள் அடங்கிவிட்டது. வகைப்பாட்டு விதிப்படி அது சரியே. ஆனாலும் அந்தப் பெயரை நாம் நினைவில் வைத்திருக்கலாம். அந்தக் காலத்து இந்திய ஓவியர் ஒருவருக்குக் கிடைத்த அரிய மரியாதை அது.

செண்பகனூரில் இயேசு சபையார் 1895-இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். அங்கிருந்த பாதிரியார் லூயி ஆங்லாட் இந்த மலையின் செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டே இருந்தார். இன்று அங்கே அவர் பெயரில் ஓர் இயற்கை வரலாற்று நிறுவனம் இருக்கிறது. அதே சபையைச் சேர்ந்த கே.எம். மேத்யூ திருச்சி ராப்பினாட் ஹெர்பேரியத்தை அமைத்தவர். பழனிமலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய மூன்று பாக நூல் 1999-இல் வெளிவந்தது. இந்த மலையில் ஒரு செடியைக் கண்டு ஐயம் வந்தால் இன்றும் கடைசியில் நாம் போய் நிற்பது அந்த நூலிடம்தான்.

அவர்கள் பறித்தார்கள், அழுத்தி உலர்த்தினார்கள். அது அந்த வேலைக்குத் தேவையாக இருந்தது. அவர்கள் சேர்த்துவைத்திருப்பதால்தான் இன்று நாம் பறிக்காமலே அடையாளம் காண முடிகிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் 1,256 ஆர்க்கிட் சிற்றினங்கள் உள்ளன. அவற்றில் 388 இந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் ஈர மண்ணில் குனிந்திருந்த பொழுது இருக்கிறது.

*

பூ இருக்கும் இடத்தை விட்டு அதைப் பிரிக்க முடியாது என்று சொல்வதற்குக் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

ஆர்க்கிட் விதை தூசி போன்றது. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும், காற்றில் பறந்துபோகும். நெல்லுக்கும் அவரைக்கும் இருப்பது போல முளைப்பதற்கான உணவு அதற்குள் இல்லை. விழுந்த இடத்தில் அதற்கேற்ற பூஞ்சை இருந்தால், அது விதைக்குள் புகுந்து உணவு கொடுத்தால், முளைக்கும். இல்லையென்றால் முளைக்காது. 1899-இல் பிரான்சில் நோயல் பெர்னார்ட் என்ற இளைஞர் இதைக் கண்டறிந்தார். அதுவரை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் ஆர்க்கிட் விதைகளை முளைக்கவைக்கத் தலைகீழாக நின்றும் பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

முளைத்த பிறகும் அவசரம் இல்லை. பூக்கும் அளவு பலம் சேரும்வரை கிழங்கு மண்ணுக்குள் காத்திருக்கும். சாட்டிரியத்துக்குப் பொதுவாக இரண்டு கிழங்குகள். ஒன்று இந்த ஆண்டின் பூவுக்கு உணவளித்துச் சுருங்கிக்கொண்டிருக்கும். மற்றொன்று அடுத்த ஆண்டுக்காகப் பருத்துக்கொண்டிருக்கும். மார்கழி, தையில் புல்வெளியில் உறைபனி இறங்கும்போது மேலே இலை கூட மிஞ்சாது. மாசி, பங்குனிக் காய்ச்சலில் தீ ஓடினாலும் கீழே கிழங்கு தப்பித்துக்கொள்ளும். மழை வந்ததும் மறுபடி முளைவிடும்.

அதனால் இப்போது பூத்து நிற்கும் செடியைத் தோண்டி எடுப்பவர் இரண்டு ஆண்டுகளை ஒரே கையில் எடுக்கிறார். கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தாலும் அந்தப் பூஞ்சையும் பனியும் புல்லின் நிழலும் கூடப் போவதில்லை. செடி சில வாரம் பச்சையாக இருந்துவிட்டுப் போய்விடும்.

*

புல்வெளி வெறும் காலி இடம் என்ற எண்ணம்தான் இந்தப் பூவுக்கு வந்த முதல் ஆபத்து.

மரம் இல்லாத நிலத்தைக் கண்டால், காட்டை அழித்ததால் வந்த தரிசு என்று நினைத்துவிடுகிறோம். நீலகிரியின் சதுப்புகளில் படிந்த பழைய கரிமண்ணை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் உடனிருந்தவர்களும் 1993-இல் எழுதிய கட்டுரை அதை மறுக்கிறது. அந்த மலையின் புல்வெளிக்கு வயது இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல். கோடரி வருவதற்கு வெகுகாலம் முன்பே புல் அங்கே இருந்தது. பழனிமலையின் புல்வெளியும் அதே குடும்பம்தான்.

அந்த நிலத்தில்தான் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும், கூழுக்காகத் தைலமரமும், பைனும் நடப்பட்டன. பழனிமலையின் மேற்பகுதியைச் செயற்கைக்கோள் படங்களின் வழியே ஆராய்ந்து 2018-இல் வெளியான கட்டுரை ஒன்று, நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. காரணம் மரத்தோட்டங்களும் விவசாயமும். சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். அதன் நிழலில் புல் மடியும். அந்த அம்மா சரிவைக் கைகாட்டிச் சொன்னதும் அந்தக் கட்டுரை சொல்வதும் ஒன்றே.

அக்கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் பாப் ஸ்டூவர்ட். தான்யா பால்கரோடு சேர்ந்து வட்டக்கானலில் பல ஆண்டுகள் சோலைச் செடிகளையும் புல்வெளிச் செடிகளையும் நாற்றங்காலில் வளர்த்தவர். சோலையை நாற்று வைத்து மீட்கலாம், சீகையின் நிழலிலேயே சோலை மரங்கள் தலையெடுப்பதும் உண்டு. புல்வெளி அப்படி அல்ல. புல், பூஞ்சை, பனி, வெயில் எல்லாம் சேர்ந்த ஒன்று அது. இருப்பதைக் காப்பதுதான் அதற்கு முதல் வைத்தியம்.

2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதில் இந்த மலையின் பெரும்பகுதிக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. சட்டம் மரத்துக்கும் காட்டுமாட்டுக்கும் எளிதாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒரு சாண் உயரப் பூவுக்கு அது போய்ச் சேர வேண்டுமென்றால், அங்கே பூ இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நிறைய வேண்டும்.

*

அதற்காகத்தான் அடையாளம் காணக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

பெயர் தெரியாதவரை அந்தச் சரிவு நமக்கு வெறும் புல். சாட்டிரியம் என்று தெரிந்துவிட்டால், அதன் கிழங்கும் பூஞ்சையும் பூச்சியும் புல்லும் சேர்ந்தே தெரிகின்றன. அதற்குப் பிறகு அதன் மேல் வண்டியை நிறுத்தவோ, கூடாரம் போடவோ, அங்கே மரம் நட விழா எடுக்கவோ மனம் வராது.

கிளாவரை, மன்னவனூர், கூக்கால் பக்கம் மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரையில் ஆர்க்கிட் கண்டால் நின்று பாருங்கள். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் தேன்குழல் தெரிய ஒன்று, இலையோடு முழுச்செடி ஒன்று, சுற்றிலும் உள்ள புல்லோடு ஒன்று, ஆக நான்கு படம் எடுங்கள். எந்த நிறுவனத்து அறிஞருக்கும் அது போதும். எந்த மாதம், எவ்வளவு உயரம், என்ன சரிவு என்று எழுதுங்கள். துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். நாட்டு மருந்துக் கடைகளில் சாலாமிசிரி என்று விற்பது ஆர்க்கிட் கிழங்குதான், அதைத் தோண்டுவோர் இருக்கிறார்கள். அடுத்த செடி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காலை எடுத்துவையுங்கள். பூவைப் பறிக்க வேண்டாம், கிழங்கைத் தொடவே வேண்டாம். அடுத்த ஆண்டின் பூ அதற்குள்தான் இருக்கிறது.